அக்குள் கணுக்களை அகற்றுவதா, கதிர்வீச்சா: கைவீக்கத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

மார்பகப் புற்றுநோய் அறுவையின்போது என் இடது அக்குளிலிருந்து எடுத்த இரண்டு காவல் நிணநீர்க் கணுக்களுள் (கட்டியிலிருந்து நோய் பரவினால் முதலில் சென்றடையும் கணுக்கள்) ஒன்றில் நோய் தெரியவந்ததும், எஞ்சிய கணுக்களையும் அகற்றுவதா, அவற்றை விட்டுவைத்து அக்குளுக்குக் கதிர்வீச்சு கொடுப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் கதிர்வீச்சைத் தேர்ந்தவள். அந்தச் சாய்வு இங்கே தெரியத்தான் செய்யும்.

நோயைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு 2014இல் வெளியான அமரோஸ் ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் அக்குளில் நோய் திரும்பியோர் அகற்றிய பிரிவில் 0.43 விழுக்காடு, கதிர்வீச்சுப் பிரிவில் 1.19 விழுக்காடு. ஆனால் அந்த ஆய்வு, தொட்டுப் பார்த்தால் கணு தட்டுப்படாத, கட்டி சிறிதாக இருந்தவர்களிடம் நடந்தது; மற்றவர்களுக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது.

என்னை முடிவெடுக்க வைத்தது கைதான். அதே ஆய்வில், ஐந்தாம் ஆண்டில் கைவீக்கம் காணப்பட்டோர் அகற்றிய பிரிவில் 23 விழுக்காடு, கதிர்வீச்சுப் பிரிவில் 11 விழுக்காடு. அக்குளைத் துப்புரவாக எடுக்கும்போது கையிலிருந்து வரும் நிணநீர் நாளங்களும் அறுபடுவதால், வடிய வழியின்றிப் புரதம் மிகுந்த நீர் தோலுக்கடியில் தேங்கி, நாளடைவில் திசுவே தடித்து இறுகுகிறது. வீக்கம் நிலைத்துவிட்டால் அதை அடக்கிவைக்கலாமே தவிர, அடியோடு போக்குவது அரிது. பகலெல்லாம் அழுத்த உறை, அது தளர்ந்ததும் இன்னொன்று, பயிற்சி பெற்றவரிடம் நிணநீர் மசாஜ், சிறு கீறலும் தொற்றாகாதபடி காவல் என அந்தப் பராமரிப்புக்கு முடிவு தேதி கிடையாது. நானோ இடக்கையால் எழுதுபவள்.

கதிர்வீச்சும் சும்மா விடவில்லை. தோள்மூட்டு சில மாதங்கள் இறுகிக் கிடந்தது.

கணுக்களை அகற்றியே தீரவேண்டியவர்களுக்கு வேறு இரு வழிகள் உண்டு. கையின் நாளங்களைச் சாயமேற்றி அடையாளம் கண்டு விட்டுவைப்பது ஒன்று. அறுபட்டவற்றை அதே அறுவையிலேயே அருகிலுள்ள சிரையோடு இணைப்பது மற்றொன்று. பின்னதற்கு நுண்ணோக்கியின் கீழ் தைத்துப் பழகிய கை வேண்டும். இரண்டையும் நான் படித்ததோடு சரி என்பதால், பரிந்துரைக்கத் துணியவில்லை.

நான்கு ஆண்டுகளாகியும் எனக்கு உறை தேவைப்படவில்லை. இடக்கை மட்டும் வலக்கையைவிட ஒரு சென்டிமீட்டர் பருத்திருக்கிறது. அறுவைக்கு முன்பே இரு கைகளையும் அளந்து குறித்து வைத்திருந்தால், அது புழங்கும் கைக்கு இயல்பான பருமனா, வீக்கத்தின் தொடக்கமா என்று இன்று சொல்லியிருக்க முடியும்.