மெல்லிய அலகே மேலானது: மரம் செதுக்கவும் வெளியூர்ப் பயணத்துக்கும் குறைந்த விலைக் கத்திகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பழைய மாம்பலகை மேசை ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதன்மீதுதான் அகப்பையும் மத்தும் செதுக்கி வருகிறேன். இந்த மதிப்புரைக்காக அம்மேசையில் நான்கு மடங்காத கத்திகளை வைத்து, ஒரே மரத்துண்டுகளில் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன். ஸ்வீடனில் செய்யப்படும் மோரா ‘கம்பானியன்’, அதே நிறுவனத்தின் ‘511’, மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோரில் செய்யப்படும் காண்டோர் ‘புஷ்லோர்’, கே.ஆர். மார்க்கெட் பக்கத்துக் கொல்லர் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்த கத்தி ஆகியவையே அவை. ஐந்தாவது ஒன்றும் உண்டு. அது உடைந்து மேசையின் இழுப்பறைக்குள் கிடக்கிறது.

அந்த ஐந்தாவதுதான் நான் வாங்கிய முதல் கத்தி. தோற்றத்தை மட்டும் பார்த்து இணையத்தில் வாங்கினேன். அலகு கன்னங்கரேலென்று இருந்தது. முதுகில் ரம்பப் பற்கள், குழல் போன்ற பிடிக்குள் நூலும் தூண்டில் முள்ளும், பிடியின் மூடியில் ஒரு திசைகாட்டி, அலகின் தடிமன் 5 மில்லிமீட்டர். ஓசூரை அடுத்த தளியில் நண்பரின் தோப்பில் அடுப்பு மூட்டுவதற்காக ஒரு காய்ந்த குச்சியை அதனால் சீவியபோது, சீவல் எழாமல் குச்சியே பிளந்துகொண்டு போனது. மறுநாள் பிடிக்கும் அலகுக்கும் இடையே ஆட்டம் கண்டது. கழற்றிப் பார்த்தால், பிடிக்குள் செல்ல வேண்டிய இரும்பு வால் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அதையும் ஒற்றை ஆணியால் இணைத்திருந்தார்கள். முழுப் பலத்தையும் கொடுத்து அழுத்தும் நேரத்தில் பிடி கழன்றால் அலகு பாய்வது நம் கைக்கோ தொடைக்கோதான் என்பதால், விலை குறைவு என்ற காரணத்துக்காக இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலாது. குழல் பிடியும் ரம்ப முதுகும் உள்ள மலிவான கத்தியை எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரம் சீவும் கத்திக்கு வலிமையைவிட வடிவமே முதன்மையானது. வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், அதற்குப் பின்னால் வரும் உடல் தடித்திருந்தால் கத்தி ஆப்பாக மாறிவிடும். நாரை அறுத்துக்கொண்டு செல்லாமல், வாய் போய்ச் சேருவதற்கு முன்பே மரத்தைப் பிளக்கும். மோரா கத்திகளில் அலகின் நடுப்பகுதியை ஒட்டித் தொடங்கும் தட்டையான சாய்வு நேராக வாய்வரை இறங்குகிறது. வாயருகே கண்ணுக்குத் தெரியும்படியான இன்னொரு சாய்வு இல்லை. ‘ஸ்காண்டி’ என்று அழைக்கப்படும் இந்த வடிவத்தில் இரு பக்கச் சாய்வும் சேர்ந்து ஏறத்தாழ 25 டிகிரிக் கோணம் அமைகிறது. இதனால் கிடைக்கும் பெரிய நன்மை கூர்மை மட்டுமன்று. தச்சரின் இழைப்புளிக்கு அடிக்கட்டை எப்படியோ அப்படி இந்தச் சாய்வு மரத்தின்மீது படிந்து நிற்கிறது. மணிக்கட்டைச் சிறிது உயர்த்தினால் ஆழமாகவும், தாழ்த்தினால் மேலோட்டமாகவும் வெட்டு அமைவதால், புதிதாகப் பழகுபவரின் கைக்கும் கத்தி அடங்கி நடக்கிறது.

நான்கில் கம்பானியனைத்தான் முதலிடத்தில் வைக்கிறேன். ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் உள்ள மோரா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய இந்நிறுவனம், 1891-இல் அங்கே தொடங்கிய ஒரு தொழிலின் வழிவந்தது. அலகின் நீளம் சுமார் 104 மில்லிமீட்டர், தடிமன் 2.5 மில்லிமீட்டர், உறையோடு சேர்த்தும் எடை 120 கிராமைத் தாண்டவில்லை. மின்கம்பிக்கு இடையூறு என்று எங்கள் தெருவில் கழித்துப்போட்ட ஈர வேப்பங்கிளையில் ஓர் அகப்பை செதுக்கினேன். அகப்பையில் கடினமான இடம் அதன் கழுத்து. கிண்ணத்திலிருந்து கீழிறங்கும் வெட்டும் காம்பிலிருந்து வரும் வெட்டும் அங்கேதான் சந்திக்க வேண்டும். நார் திரும்பும் இடமும் அதுவே என்பதால், சிறிது தவறினாலும் கத்தி நாருக்குள் புகுந்து காம்பைக் கிழித்துவிடும். இடக்கைக் கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்து நெல் அளவு நெல் அளவாகத் தள்ளியபோது, கம்பானியன் அந்த வளைவில் தானே திரும்பிக் கொடுத்தது. எழுந்து சுருண்ட சீவல்கள் வெங்காயச் சருகு போல ஒளி ஊடுருவும் மெல்லியவையாக இருந்தன. வெட்டிய இடம் உப்புத்தாள் தேவைப்படாத பளபளப்போடு நின்றது. அதே கழுத்தில் புஷ்லோரை வைத்தபோது, அதன் அகன்ற அலகு வளைவுக்குள் திரும்ப இடமின்றி இரு முறை நாரைக் கிழித்தது.

கம்பானியனுக்குக் குறைகளும் உண்டு. ரப்பர் போன்ற பிடி ஈரக்கையிலும் வழுக்காது என்றாலும், பிசினையும் அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அலகின் முதுகு கூரான விளிம்பு இல்லாமல் மழுங்கலாக இருப்பதால், நெருப்புக்கோலை அதனால் உரசினால் பொறி எளிதில் விழாது. கரடுமுரடான கல்லில் முதுகை நேராகத் தேய்த்துச் சதுர விளிம்பு வரச்செய்த பிறகே எனக்குப் பொறி கிடைத்தது. வால் பிடியின் முழு நீளத்துக்கும் செல்லவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கும் வேலைக்கு இது உரியதன்று. அதற்குக் கொடுவாளும் கைக்கோடாலியும் இருக்கின்றன. எல்லா வேலைக்கும் ஒரே கத்தி வேண்டும் என்ற ஆசையே பலரையும் தடித்த, கனத்த கத்திகளை நோக்கித் தள்ளுகிறது.

என்னிடம் இருப்பது துருப்பிடிக்காத எஃகில் செய்த கம்பானியன். 12சி27 என்ற அந்த எஃகில் கார்பன் சுமார் 0.6 சதவீதமும் குரோமியம் சுமார் 13.5 சதவீதமும் உண்டு. 511-இன் அலகோ கார்பன் எஃகு. அதில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி வரும், குரோமியத்தின் காவல் கிடையாது. கார்பன் எஃகு கல்லில் விரைவாகக் கூரேறும். மாங்காய் அரிந்தால் சில நிமிடங்களில் அலகில் கருநீலம் படரும். அந்தக் கருநீலத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது படிந்த அலகில் செந்துரு ஏறுவது குறையும். ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரின் ஈரக்காற்றில், துடைக்காமல் ஒரே ஓர் இரவு உறைக்குள் வைத்த 511-இல் செம்புள்ளிகள் தோன்றிவிட்டன. நாள்தோறும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உள்ளவர் கார்பனை எடுக்கலாம். பயணப் பையில் போட்டுவிட்டு இரண்டு மாதம் மறந்துவிடக்கூடியவர் துருப்பிடிக்காததை எடுப்பதே நல்லது.

511 பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலகு சுமார் 91 மில்லிமீட்டர், தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர். வெட்டும் சுகத்தில் கம்பானியனுக்கு ஒரு படி மேல். பிடிக்கும் அலகுக்கும் இடையே துருத்தி நிற்கும் விரல் காப்புதான் செதுக்குபவருக்கு இடைஞ்சல். விரலை அலகின் அடிவரை கொண்டுபோக அது விடுவதில்லை. பட்டறைகளில் குத்திக் கிழிக்கும் வேலைக்கும், கத்தியைப் புதிதாகப் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் அதே காப்பு நன்மையாக அமையும்.

புஷ்லோர் அழகான கத்தி என்பதில் ஐயமில்லை. 1075 கார்பன் எஃகு, பிடியின் முழு வடிவத்திலும் ஓடும் வால், இருபுறமும் மரப்பலகை, தோல் உறை என்று கையில் எடுத்தவுடன் பிடித்துப்போகும். தோப்பில் தங்கும்போது மூங்கிலைப் பிளக்க, கூடாரத்துக்கு முளை சீவ, தேங்காய் நாரைக் கிழிக்க இதனைத் தயங்காமல் எடுப்பேன். ஆயினும் நான் கம்பானியனுக்குக் கொடுத்ததைப் போல மும்மடங்குக்கு மேல் இதற்குக் கொடுத்தேன். அகப்பை செதுக்குவதில் அது மும்மடங்கு பயன் தரவில்லை. கார்பன் அலகைத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் தோல் உறிஞ்சிய ஈரம் அலகில் துருவாக இறங்கும். வீட்டில் இருக்கும்போது கத்தியை உறைக்கு வெளியே வைப்பதே முறை.

இந்த நகரத்திலேயே செய்த கத்தியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கே.ஆர். மார்க்கெட்டைச் சுற்றியுள்ள இரும்புக் கடைகளில் கன்னடத்தில் மச்சு என்றும் நாம் வெட்டுக்கத்தி என்றும் சொல்லும் கனத்த கத்திகளும் அரிவாள்களும்தான் பெரும்பாலும் தொங்கும். மரம் செதுக்கும் சிறு கத்தி வேண்டுமென்றால் சொல்லித்தான் செய்துகொள்ள வேண்டும். நான் சென்ற பட்டறையின் பெரியவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். நான் தாளில் வரைந்து காட்டிய அளவைப் பார்த்துவிட்டு, “சார், இது லாரிப் பட்டை. அடிச்சுக் குடுத்தா உங்க பேரன் வரைக்கும் வரும்” என்றார். லாரியின் ஸ்பிரிங் பட்டை நல்ல எஃகு என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. கத்தியின் தலையெழுத்தை முடிவு செய்வது எஃகைவிட அதற்குக் கொடுக்கும் சூடும் குளிர்ச்சியும்தான். அவர் செந்நிறத்தில் காய்ச்சிய அலகைத் தண்ணீரில் தோய்த்து அப்படியே கொடுத்துவிட்டார். வாய் கண்ணாடி போல் கடினமாயிற்று; முதல் வாரத்திலேயே காய்ந்த மூங்கில் கணுவில் பட்டு அரிசி அளவுக்கு இரண்டு இடங்களில் உதிர்ந்தது.

திரும்பப் போய்ப் பொறுமையாகப் பேசினேன். காந்தம் ஒட்டாத நிலை, அதாவது சுமார் 770 டிகிரியைக் கடந்த சூடு வரும்வரை காய்ச்சி, தண்ணீருக்குப் பதில் சூடான எண்ணெயில் தோய்க்கும்படி கேட்டேன். பெரியவர் மனம் கோணாமல் இரண்டாவது அலகை அப்படியே செய்து தந்தார். உதிரும் தன்மை தணியும்படி, அதனை வீட்டில் ரொட்டி சுடும் அவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தேன். தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்த இரும்பில் வைக்கோல் நிறம் படர்ந்தபோது அந்த வேலை முடிந்தது. இப்போது அதே மூங்கில் கணுவை அந்தக் கத்தி உதிராமல் சீவுகிறது. கூலி 600 ரூபாய். பட்டறையில் கத்தி வாங்குபவர் ஓர் அரத்தைக் கையோடு கொண்டுபோய், வாயருகே மெல்ல இழுத்துப் பார்ப்பது நல்லது. அரம் வழுக்கிச் சென்றால் அலகு கடினமேறியது என்று பொருள். கடித்துப் பிடித்தால் அது வெறும் மெத்திரும்பு. அரம் வழுக்கினாலும் பிறகு பதமாகச் சூடு காட்டினார்களா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்தக் கத்தியை வாங்கினாலும் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளாமல் பயனில்லை. ஒருமுறை சோம்பலால் தெருவில் வந்த சாணைக்காரரிடம் பழைய கம்பானியன் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். சக்கரத்தில் பொறி பறக்க அவர் தேய்த்த அரை நிமிடத்தில், அலகின் முனையில் விரல்நுனி அளவுக்கு நீலம் பூத்தது. 300 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் எஃகுக்கு அந்த நீலம் வரும்; அவ்வளவு சூடேறிய வாய் பதம் இழந்து மென்மையாகிவிடும். கூரான முனை அன்றைய தக்காளியைக்கூட ஒழுங்காக அரியவில்லை; நீலம் போகும்வரை கையால் தேய்த்தெடுக்க மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. ஸ்காண்டி சாய்வுக்குச் சக்கரமே தேவையில்லை. சாய்வைக் கல்லின்மீது படுக்க வைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடுகிறது. விரல்களால் அதனை அழுத்தி முன்னும் பின்னும் இழுத்தால் போதும். தட்டையான கண்ணாடித் துண்டின்மீது 1000, 2000 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, நீர் தெளித்துத் தேய்ப்பது கல்லுக்கு இணையான பலன் தருகிறது.

சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை மரத்தை ஈரமாகச் செதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதன் பால் அலகில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். பலாப்பழம் அரியும் முன் கத்திக்கு எண்ணெய் தடவுவோமே, அது போலச் சிறிது தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டால் பிசின் பிடிக்காது. காய்ந்த மூங்கிலில் மணற்சத்து இருப்பதால் எந்தக் கத்தியின் வாயும் அதில் விரைந்து மழுங்கும். குறையைக் கத்தியின் மேல் போட வேண்டாம்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 9 அங்குலத்தைவிட நீண்ட அல்லது 2 அங்குலத்தைவிட அகன்ற அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. மேலே சொன்ன நான்கும் அந்த நீளத்தில் பாதிக்கு மேல் போகாதவையே. என்றாலும் அளவு சிறியது என்பதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தில் நடப்பது தகாது. உறையில் இட்டு, துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்து எடுத்துச் செல்வதே என் வழக்கம். விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். மரத்துண்டு வேண்டுமென்றால் உதிர்ந்த கிளையும் கழித்த கிளையுமே போதும். பூங்காவிலும் காட்டிலும் நிற்கும் மரத்தில் கத்தி வைக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத கம்பானியனுக்கு நான் கொடுத்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். வாட்டர் பேப்பர், கண்ணாடித் துண்டு, பச்சைப் பாலிஷ் கட்டி எல்லாமாகச் சேர்ந்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தன. கூரின் கடைசிப் பிசிறை எடுக்கும் தோல் பட்டைக்குச் செலவே இல்லை: அறுந்துபோன என் இடுப்பு வாரின் உட்புறத்தை ஒரு பலகையில் ஒட்டி, அந்தப் பாலிஷைத் தேய்த்து வைத்திருக்கிறேன். செதுக்கத் தொடங்கும் முன் ஒவ்வொரு பக்கமும் இருபது முறை இழுத்தால், அன்றைய அகப்பை முடியும்வரை கூர் நிற்கிறது.