தலையில்லாத எட்டுத் தந்தி: ஸ்ட்ராண்ட்பெர்க் போடன் 8, யாழ்ப்பாணத்துப் பாவனைக்கு எப்படி?

பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் நிற்கிறவர் கேட்கிற முதற் கேள்வி, "தலை எங்கை, உடைஞ்சுபோச்சோ?" என்பதாகத்தான் இருக்கும். சுவீடனைச் சேர்ந்த ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் வடிவமைத்த இந்தக் கிற்றாருக்குத் தலையே இல்லை. ரியூனிங் குமிழ்கள் எட்டும் உடலின் பின்முனையில் பிரிட்ஜோடு (தந்திகளை உடலில் தாங்கும் பாகம்) சேர்ந்திருக்கின்றன. பிரெட்டுகள் (நெக்கின், அதாவது கழுத்தின், குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நேராக இல்லாமல் விசிறியாக விரிந்து கிடக்கின்றன. நெக்கின் பின்புறத்தில் உருட்சி கிடையாது, தட்டையான பட்டைகள்தான். இவ்வளவு கோணலும் மேடையில் கண்ணைப் பறிக்கவென்று செய்தது அல்ல, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, அரை மணி நேரம் வாசித்தால் கை அதைச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் இதை வைத்திருப்பவருக்கு வரும் கரைச்சல் வாசிப்பில் வராது. தந்தியிலும் திருகாணியிலும் வரும்.

இதிலுள்ள யோசனைகள் பல பழையவை. தலையில்லாத வாத்தியத்தை 1970களின் கடைசியில் நெட் ஸ்டைன்பேர்கர் பேஸ் கிற்றாரில் செய்து காட்டிவிட்டார். விசிறிப் பிரெட்டுக்கு ரால்ஃப் நோவாக் 1989இல் காப்புரிமை பெற்றார். ஐபனெஸ் 1990இல் ஏழு தந்தி யூனிவேர்ஸையும் 2007இல் எட்டுத் தந்தி ஆர்ஜி2228ஐயும் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஸ்ட்ராண்ட்பெர்க்கின் சொந்தச் சரக்கு என்றால் அந்த நெக்தான். எண்டர்நெக் என்று பெயர். குறுக்குவெட்டில் சரிவகமாக இருக்கும், நட்டிலிருந்து (நெக்கின் நுனியில் தந்திகள் தங்கும் பள்ளக்கட்டை) உடலை நோக்கிப் போகப் போகத் தட்டைப்பகுதி ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு நகரும். கீழ்ப் பிரெட்டுகளில் பெருவிரல் எங்கே நிற்கவேண்டும், மேல் பிரெட்டுகளில் எங்கே நிற்கவேண்டும் என்பதை நெக்கே சொல்லிவிடுகிறது. எட்டுத் தந்தியின் அகலத்தில் மணிக்கட்டை மடித்து வாசித்தால் சீக்கிரமே நோவு தொடங்கும், இந்த நெக்கில் மணிக்கட்டு தானாக நிமிர்கிறது. ஆனால் பெருவிரலை மேலால் சுற்றிப் பிடித்து, அந்தப் பிடியில் தந்தியை வளைக்கிற பழக்கமுள்ளவருக்கு இது சரிப்படாது. பட்டையின் விளிம்பு உள்ளங்கையில் குத்தும். கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாத ஒரே அம்சம் இதுதான். எங்கள் ஊர்க் கடைகளில் எடுத்துப் பார்க்க முடியாது என்பது வேறு கதை.

ஸ்கேல் நீளம் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையே அதிரும் தந்தி நீளம்) மெல்லிய தந்திப் பக்கம் 26.5 அங்குலம், தடித்த பக்கம் 28 அங்குலம்: 673 மில்லிமீற்றரும் 711 மில்லிமீற்றரும். ஒரே தந்தியை ஒரே சுருதியில் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே சாதாரண 25.5 அங்குலக் கிற்றாரைவிட எட்டாம் தந்தியில் 20 வீதமும் முதலாம் தந்தியில் 8 வீதமும் கூடுதல் இறுக்கம் கிடைக்கிறது. கீழ்த்தந்தி தொளதொளத்து ஓசை குழம்புவதை அந்த 20 வீதம்தான் தடுக்கிறது. மேல்தந்தியின் 8 வீதம் விரலுக்குப் பாரம் என்பதால் 10க்குப் பதில் 9 தடிப்புத் தந்தி (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கு) போடுவது நல்லது. டி'அடாரியோவின் 9 முதல் 80 வரையான எட்டுத் தந்தித் தொகுதி இதற்குப் பொருத்தம். 10 முதல் 74 வரையான தொகுதி நேர்ப் பிரெட் கிற்றாருக்கே நல்லது. இதில் போட்டால் மேலே இறுக்கமும் கீழே தளர்வுமாக எதிர்மாறாக அமையும்.

வழமையான சுருதி எஃப் ஷார்ப், பி, அதன்மேல் சாதாரண ஆறு தந்தி. எங்கள் கணக்கில் எட்டாம் தந்தி நாலரைக் கட்டை, ஏழாம் தந்தி ஏழு கட்டை. இசைக்குழுவில் இதன் பலன் உடனே தெரியும். பாடகி ஐந்தரைக் கட்டை கேட்டால் சட்ஜம் எட்டாம் தந்தியின் 2ஆம் பிரெட். பாடகர் ஒரு கட்டை என்றால் ஏழாம் தந்தியின் 1ஆம் பிரெட். கேப்போ (சுருதியை ஏற்ற நெக்கில் மாட்டும் கிளிப்) தேடவேண்டிய அவசியம் குறைகிறது. குறைவதும் நல்லதே, விசிறிப் பிரெட்டில் சாதாரணக் கேப்போ நேராக உட்காராது. கமகத்துக்கு நீண்ட ஸ்கேல் ஒத்துழைக்கிறது, இழுப்புக்கும் ஜாருவுக்கும் இடம் தாராளம். 1ஆம் பிரெட்டில் முழு விரலையும் கிடத்திப் பிடிக்கும் பார் கோர்ட்தான் சிரமம், பிரெட் சாய்வு அங்கேதான் அதிகம். ஒன்றிரண்டு கிழமையில் கை பழகிவிடும்.

எட்டாம் தந்தியின் அடிப்படை அதிர்வு 46.25 ஹேர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் திறந்த ஈ 41.2. இரண்டுக்கும் இடையில் ஒரு முழுச்சுரம்தான் தூரம். குழுவில் பேஸ் வாசிப்பவர் இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் முட்டுவீர்கள், அப்போது கிற்றார்ப் பக்கத்தில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடவேண்டும். வெட்டினால் கனம் போய்விடுமே என்று பயப்படத் தேவையில்லை. பலரும் பாவிக்கும் செலஸ்டியன் விண்டேஜ் 30 ஒலிபெருக்கியே 70 ஹேர்ட்ஸில்தான் தொடங்குகிறது. காதில் விழும் கனம் மேலே உள்ள இரட்டை, மும்மடங்கு அதிர்வுகளிலிருந்து வருகிறது. டிஸ்டோர்ஷன் (ஓசையைக் கரகரப்பாக்கும் விளைவு) போடுவதென்றால் தாழ்வோசையை அதற்கு முன்னாலேயே குறைக்கவேண்டும், பின்னால் குறைத்துப் பயனில்லை. டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை டிரைவ் பூச்சியத்திலும் லெவல் உச்சத்திலும் வைத்து அம்புக்கு முன்னால் போடுவது இதற்காகவே. அந்தச் சுற்று 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துத்தான் பெருக்குகிறது. திருவிழா மேடையில் சவுண்ட்காரர் பெரிய சப்வூபர்களை அடுக்கி வைத்திருப்பார். டிஐ பெட்டி (கிற்றாரை அம்ப் இல்லாமல் மிக்சரோடு இணைக்கும் பெட்டி) வழியாக நேரே மிக்சருக்குப் போகும்போது இந்த வெட்டு இல்லாவிட்டால் தவில் அடிக்கு மேலால் உங்கள் எட்டாம் தந்தி உறுமிக்கொண்டிருக்கும்.

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எட்டாம் தந்தியின் 1ஆம் பிரெட் சுரம் 49 ஹேர்ட்ஸ். இரைச்சலுள்ள வீட்டில் அந்தச் சுரத்தை நீட்டிப் பிடித்தால் இரைச்சலோடு அது முட்டி, செக்கனுக்கு ஒருதரம் ஏறி இறங்கும். கிற்றாரில் பிழையென்று பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சுருள்) கழற்றிப் பார்க்கவேண்டாம். ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப், சுருளுக்குள் வரும் இரைச்சலைத்தான் தின்னும், எர்த் இல்லாத சொக்கற்றால் வரும் இரைச்சலை அதால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய வீடுகளில் எர்த் கம்பி இணைக்கப்படாமலே சொக்கற் மட்டும் மூன்று துளையோடு இருக்கும். மின்னியலாளரைக் கொண்டு அதைச் சரிபார்த்து, அம்ப், பெடல், கணினி எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகினால் பெரும்பகுதி அடங்கும். இரைச்சலை நிறுத்த எர்த் முனையை வெட்டுவது உயிராபத்து, தந்திகள் நேரே உங்கள் கையில் இருக்கின்றன. கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் அம்ப் 120 வோல்ட் என்பதையும் மறக்கக்கூடாது. பின்பக்கத்தில் மின்னழுத்தம் மாற்றும் ஆளி இல்லையென்றால் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் செருகவே கூடாது. இலண்டனிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை.

மெற்றல் என்ற பெயரோடு வரும் போடனில் பிஷ்மன் புளூயன்ஸ் பிக்கப்புகள் இருக்கும், 9 வோல்ட் பற்றரி வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவுப் பற்றரி சீக்கிரம் இறங்கி, இறங்கும்போது ஓசையைக் கரகரப்பாக்கும். அல்கலைன் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வயர் செருகியிருக்கும் நேரமெல்லாம் பற்றரி தேயும். வாசித்து முடிந்ததும் கழற்றிவிடவேண்டும்.

தந்தி மாற்றுவதுதான் பலர் தடுக்கி விழும் இடம். இதில் பந்து முனை (தந்தி நுனியில் சிறு உலோக உருளை கோத்த பக்கம்) பிரிட்ஜ் பக்கத்தில் உட்காரும், வெறும் முனை நட் பக்கத்துப் பூட்டில் ஒரு சிறு அலன் திருகாணியால் நசுக்கப்படும். சுற்றுவதற்கு ஆணி கிடையாது. குமிழ் தந்தியை இழுக்கும் தூரம் மிகக் குறைவு. ஆகவே முதலில் குமிழை அநேகமாக முழுவதும் தளர்த்தி, பந்து முனையைச் செருகி, தந்தியை சாடிலுக்கு (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் தங்கும் துண்டு) மேலாலும் நட்டுக்கு மேலாலும் கொண்டுபோய்ப் பூட்டுக்குள் விட்டு, குறட்டால் நன்றாக இழுத்துப் பிடித்தபடியே திருகாணியை இறுக்கவேண்டும். தொய்வாகப் பூட்டினால் குமிழ் கடைசிவரை போய் நின்றுவிடும், சுருதி இன்னும் ஒரு சுரம் கீழே நிற்கும். அப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டியதுதான். மிச்சத் தந்தியைப் பூட்டிய பிறகே வெட்டவேண்டும். முதலில் வெட்டினால் சுற்றுத் தந்தியின் மேற்சுற்று உள்ளே அவிழ்ந்து, ஓசை செத்த தந்தியாகிவிடும். திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய தந்தி அங்கேயே அறும், அல்லது திருகாணியின் அறுகோணத் துளை வட்டமாகிவிடும். பொருளோடு வரும் அலன் சாவியையே பாவியுங்கள், கிட்டத்தட்டப் பொருந்தும் சாவி பொருந்தாத சாவிதான். தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றினால் நெக்கின் இழுவிசை பெரிதாகக் குலையாது.

தடித்த தந்தியின் குமிழ் இழுவிசையோடு திருப்பும்போது விரலுக்குக் கடினமாக இருக்கும் என்பது இவ்வகைப் பிரிட்ஜின் நெடுநாளைய முறைப்பாடு. குமிழின் மரையில் கடுகளவு லிதியம் கிறீஸ் வைத்தால் பாதி தீரும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்க்கும்.

எட்டாம் தந்தி அறுந்தால் யாழ்ப்பாணத்தில் மாற்று இல்லை. பேஸ் கிற்றார்த் தந்தியில் 80 தடிப்பு இருக்கிறதே என்று வாங்கிவரவேண்டாம். அதன் பந்து முனை பெரிது, இந்தப் பிரிட்ஜின் குழிக்குள் இறங்காது. கொழும்பிலும் எட்டுத் தந்தித் தொகுதி எந்த நேரமும் இருப்பில் இருக்குமென்று நம்ப முடியாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லி இரண்டு முழுத் தொகுதியும் தனியாக இரண்டு 80 தந்தியும் எடுப்பிப்பது குறைந்தபட்சம். அதோடு பூட்டுத் திருகாணிகள் நாலைந்தையும் கேளுங்கள். சாடில் அலகு ஒன்று கூடுதலாக இருந்தால் மனம் ஆறுதலாக இருக்கும், வேறு கிற்றாரின் சாடில் இதற்குப் பொருந்தாது.

உப்புக் காற்று பிரிட்ஜின் அலுமினியத்தை அவ்வளவாகத் தொடாது, ஆனால் அதற்குள் இருக்கும் உருக்குத் திருகாணிகளைத் தின்றுவிடும். துருப்பிடித்த உயரத் திருகாணி ஒருநாள் அசையாது, அன்றைக்கு சாவி வழுக்கித் துளை கெடும். வாசித்தபின் பிரிட்ஜைத் துணியால் துடைத்து, மாதம் ஒருமுறை திருகாணித் தலைகளில் தையல் மெஷின் எண்ணெயை ஊசிமுனையால் தொட்டுவைக்கவேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். கார்பன் நார் பதித்த நெக் என்பதால் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வளைவு பெரிதாக மாறாது. சரிபார்க்க விரும்பினால் 1ஆம் பிரெட்டையும் கடைசிப் பிரெட்டையும் அழுத்தி, 8ஆம் பிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.2 மில்லிமீற்றர் போதும். 12ஆம் பிரெட்டில் தந்தி உயரம் மெல்லிய பக்கம் 1.5, தடித்த பக்கம் 2 மில்லிமீற்றர். அதற்குக் கீழே இறக்கினால் எட்டாம் தந்தி பலமாக அடிக்கும்போது பிரெட்டில் அதிரும்.

எடை சுமார் இரண்டரைக் கிலோ, நீளம் ஒரு மீற்றருக்குக் குறைவு. மோட்டார் சைக்கிளில் முதுகில் மாட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்காது, ரயிலின் மேல் தட்டிலும் அடங்கும். உட்கார்ந்து வாசிக்க இடத் தொடையிலும் வலத் தொடையிலும் ஏறும்படி உடல் வெட்டப்பட்டிருக்கிறது, நெக் கீழே சரியாது. தலையில்லாததால் வரும் சில்லறைத் தொல்லைகள் வேறு. கிளிப் ரியூனரை மாட்ட இடமில்லை, மாட்டினாலும் 46 ஹேர்ட்ஸை அது சரியாகப் படிக்காது, பெடல் ரியூனரே வேண்டும், எட்டாம் தந்திக்கு 12ஆம் பிரெட் ஹார்மோனிக்கை வைத்துப் பாருங்கள். சுவரில் தலையைக் கொளுவித் தொங்கவிடும் கொக்கியில் இது நிற்காது. தேவையில்லாமல் அதிரும் தந்திகளை அடக்க, பான்சிக் கடையில் விற்கும் துணி ரப்பர் வளையம் ஒன்றை நட்டுக்கு அருகில் மாட்டினால் போதும்.

விலை டொலரில் நாலு இலக்கம், சுங்கமும் கூலியும் தனி. எட்டுத் தந்தி பழகத்தான் வேண்டும், நேர்ப் பிரெட் என்றாலும் பரவாயில்லை என்பவர் ஐபனெஸ் ஆர்ஜி8 வகையைத் தேடலாம். 27 அங்குலம், சாதாரண ஆணி, யாரும் தந்தி மாற்றித் தருவார்கள். எட்டாம் தந்தியின் தெளிவில் போடனை அது எட்டாது. மணிக்கட்டு நோவுள்ளவருக்கும், நீண்ட நேரம் நின்று வாசிப்பவருக்கும் போடனின் விலை நியாயம். மேடையில் இருபது நிமிடத்தில் தந்தி மாற்ற வேண்டிவரும் குழுக்காரர், இதோடு இன்னொரு சாதாரணக் கிற்றாரையும் கொண்டுபோகவேண்டும்.

பாவித்ததை வாங்குகிறீர்கள் என்றால் குமிழ் எட்டையும் முழு இழுவிசையில் திருப்பிப் பாருங்கள், பூட்டுத் திருகாணிகளின் துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள், ஒவ்வொரு சாடிலும் முன்பின் நகர்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும், விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன் அந்தப் பாகம் உங்கள் கைக்கு எத்தனை மாதத்தில் வந்து சேரும் என்று கணக்குப் போடுங்கள்.