86-க்கு எந்த டயர்: பிரைமசியா, பைலட் ஸ்போர்ட்டா, நியோவாவா?

டொயோட்டா 86 வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வண்டியோடு வந்த டயரைத் திட்டாதவர் யாரும் இருக்க மாட்டார். 2012-இல் வந்த முதல் தலைமுறை வண்டியின் 17 அங்குல ரிம்மில் மிஷலின் பிரைமசி எச்.பி. இருந்தது, அளவு 215/45R17 (215 என்பது மில்லிமீட்டரில் அகலம்). அப்போதைய பிரியஸின் 17 அங்குல வகைக்கும் இதே டயர்தான். எண்ணெய் மிச்சம் பிடிக்கிற ஹைபிரிட்டுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரே செருப்பா என்று நானும் கேட்டிருக்கிறேன்.

அது கஞ்சத்தனம் இல்லை. தலைமைப் பொறியாளர் டெட்சுயா தாடா வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார். 200 குதிரைத்திறன் உள்ள, பின்சக்கரம் தள்ளுகிற வண்டி அது. ஒட்டிக்கொள்ளும் டயரைப் போட்டுவிட்டால் அதன் வால் அசைவதைப் பார்க்கவே ஆபத்தான வேகம் போக வேண்டியிருக்கும். பிடிப்பு குறைந்த டயர் என்றால் சாதாரண வேகத்திலேயே வண்டி நெளியும், ஓட்டுபவர் கற்றுக்கொள்வார். ஆகவே புதுச் செட்டு வாங்கும்போது, எது அதிகம் ஒட்டும் என்பதோடு, வண்டியின் குணத்தை எவ்வளவு மாற்றத் துணிகிறோம் என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் ஓட்டம் இது: வார நாட்களில் மலேசியாவின் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கின் நெரிசல், மாதம் ஒருமுறை கெந்திங் மலைப்பாதை, வருடத்தில் இரண்டு தடவை சிப்பாங் பந்தயத் திடல். இந்தக் கணக்குக்கு மூன்று டயர்களை எடுத்துக்கொண்டேன். பிரைமசி வரிசையில் பிரைமசி 4, நடுவில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, முரட்டுப் பக்கத்தில் யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09. ஆல் சீசன் டயர்களை விட்டுவிடலாம். 7 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கோடை டயரின் ரப்பர் விறைத்துவிடும் என்பதால் குளிர் நாடுகளில் அதற்கு அர்த்தம் உண்டு. இங்கே அந்தக் குளிர் ஐஸ்பெட்டிக்குள் மட்டும்தான்.

பிரைமசி 4 மச்சான் வண்டியில் இருக்கிறது. சத்தமே இல்லை, குழியில் இடிப்பதும் குறைவு. ஈரத்தில் நன்றாகவே நிற்கிறது. ஆனால் கெந்திங்கில் ஏறும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசிக்கிறது, டயரின் பக்கச் சுவர் மெத்தென்று வளைவதால் வரும் தயக்கம். அவனுக்கு அது பிடித்திருக்கிறது. ரவுண்டானாவிலேயே பின்பக்கம் லேசாக நழுவுவதைச் சிரித்துக்கொண்டே காட்டுகிறான். தாடா நினைத்த வண்டி அதுதான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நியோவா நேர் எதிர். டிரெட், அதாவது தரையைத் தொடும் பகுதியின், பாளங்கள் பெரியவை, இடையில் வாய்க்கால் குறைவு. சூடேறியதும் சிப்பாங்கின் வளைவுகளில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். ஆனால் பிடிப்பு கூடினால் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கப் பழகிவிடுவோம். நல்ல பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும் இல்லாவிட்டால் நாலாவது சுற்றில் பெடல் கீழே இறங்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரைச்சல் வேறு. டயருக்கு என்று போட்ட பட்ஜெட் டயரோடு நிற்காது.

டயரின் பக்கத்தில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். ஏடி09-இல் அது 200. பைலட் ஸ்போர்ட் 5-க்கு முந்திய பைலட் ஸ்போர்ட் 4-இல் 320. எண் கூடக் கூட உழைப்பு கூடும் என்பது கணக்கு. அமெரிக்காவின் டெக்சாஸில் சுமார் 640 கிலோமீட்டர் சாலைச் சுற்றில் ஓட்டி, 100 என்று வைத்த ஓர் அடிப்படை டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டு வருவது அது. ஆனால் கடைசியில் எண்ணைப் போட்டுக்கொள்வது டயர் கம்பெனிதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். இரண்டு கம்பெனிகளுக்கு இடையே அந்த எண்ணை நம்பி வெள்ளியை எண்ணாதீர்கள்.

(தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இந்த டயர்களைப் பார்த்தால் “நம்ம பாலு” என்றிருப்பார். இயற்கை ரப்பர் அதிகம் போவது லோரி டயர்களுக்குத்தான். இவ்வகை டயரின் தரையைத் தொடும் பகுதியில் பெரும்பங்கு செயற்கை ரப்பரும் சிலிக்காவும் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வந்திருக்காது.)

எனக்கு முடிவு செய்து கொடுத்தது மழை. இதற்கு முன் நான் போட்டிருந்தது வேறொரு டிரெட்வேர் 200 வகை டயர். புதிதில் மழையையும் சமாளித்தது. வாய்க்கால் ஆழம் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தபோது, ஒரு மாலை காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில், மணிக்கு 90 கிலோமீட்டர்கூட இருக்காது, தேங்கிய தண்ணீரில் முன்சக்கரம் ஏறிக்கொண்டது. ஸ்டீயரிங் காற்றில் பிடித்ததுபோல் லேசானது. இரண்டு நொடிதான், கை நடுக்கம் நிற்க அரைமணி ஆயிற்று. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். நம் மழைக்கு அந்த எண்ணை மறந்துவிடுங்கள்.

பைலட் ஸ்போர்ட் 5 இதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறது. வெளிப்பாதியில் வளைவுக்கான பெரிய பாளங்கள், உள்பாதியில் தண்ணீரைத் துப்பும் வாய்க்கால்கள். டிரெட்டுக்குக் கீழே அராமிட், நைலான் கலந்த பெல்ட் இருப்பதால் வேகத்தில் வடிவம் கெடாமல் இருக்கிறது, ஸ்டீயரிங் சொன்னதை உடனே கேட்கிறது. சிப்பாங்கில் நியோவாவை எட்டாது. ஐந்தாறு சுற்று கழித்து முன் டயர் கொஞ்சம் கொழகொழத்து, ஒரு சுற்று மெதுவாகப் போய் ஆறவிடச் சொல்லும். வருடத்தில் இரண்டு நாளுக்காக மற்ற நாட்களை இரைச்சலோடும் மழைப் பயத்தோடும் கழிக்க எனக்கு விருப்பமில்லை. மாதம் ஒருமுறை திடலுக்குப் போகிறவர் நியோவாவைத் தனி ரிம்மில் வைத்துக்கொள்ளட்டும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை. 225/45R17 எல்லாக் கடையிலும் கிடைக்கும், தேர்வும் அதிகம். 86-இன் 7 அங்குல ரிம்மில் ஏறவும் செய்யும். ஆனால் அந்த அளவுக்கு அதுதான் குறைந்தபட்ச ரிம், பக்கச் சுவர் உள்ளே ஒடுங்கி நிற்கும். விட்டமும் 9 மில்லிமீட்டர் கூடும், அதாவது கியர் விகிதம் ஒரு சிட்டிகை நீளும். 200 குதிரைத்திறனில் அந்தச் சிட்டிகையையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 215-லேயே நின்றேன்.

வாங்கப் போன முதல் கடையில் விலை நன்றாக இருந்தது. குனிந்து டயரின் பக்கத்தில் உள்ள டாட் (DOT) குறியீட்டைப் பார்த்தேன். கடைசி நான்கு எண்கள் டயர் தயாரான வாரமும் வருடமும். இரண்டு டயர் அந்த வருடத்தவை, மற்ற இரண்டும் நான்கு வயசு. “ஒரே மாடல்தானே போஸ், என்ன வித்தியாசம்?” என்றார் கடைக்காரர். முன்னால் ஒரு ரப்பர், பின்னால் வேறொரு ரப்பர் என்று வளைவில் வண்டி எனக்குச் சொல்லும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, பழையதைப் பின்னால் போட்டால் தெரியாது என்றார். பின்பக்கம் முதலில் நழுவும் வண்டியில்! வேறு கடையில் மூன்று வாரம் காத்திருந்து, நான்கிலும் ஒரே வாரம் அச்சடித்த செட்டை வாங்கினேன்.