கட்டைக்கோரையா, மீன்தோலா, நண்டு ஓடா: செல் எதில் ஒட்டும்?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கரையில் தினமும் பார்க்கிற மூன்று பொருள்களைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கட்டைக்கோரைப் பாசியில் ஆல்ஜினேட் என்ற சர்க்கரைச் சங்கிலிப் பொருள் இருக்கிறது, மீன்தோலிலும் செதிலிலும் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது, நண்டு இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலிப் பொருளை எடுக்கலாம். கெட்டுப்போன திசுவுக்குப் பதில் புதிதாக வளர்க்கப் பார்க்கும் திசுப் பொறியியலில், செல் பிடித்து வளர்வதற்கான சாரமாக (கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரியான தாங்கல்) மூன்றையும் பயன்படுத்துகிறார்கள். புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் "மூன்றில் எது பெஸ்ட்?" என்று கேட்பார்கள். எந்த செல்லுக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு என்று முதலில் சொல்லாவிட்டால் இதற்குப் பதிலே கிடையாது.

செல் பொருளை நேராகப் பிடிப்பது குறைவு. எதை உடம்புக்குள் வைத்தாலும் சில நொடிகளிலேயே இரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன் மேல் படிய ஆரம்பித்துவிடும், பின்னால் வந்து சேர்கிற செல் பிடிப்பது அந்தப் படலத்தைத்தான். பிடிக்கிற உறுப்பு இன்டெக்ரின். ஆல்பா ஒன்று, பீட்டா ஒன்று என்று ஜோடியாகச் செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் புரதம் இது. மனிதர்களில் 24 வகை ஜோடிகள் உண்டு. ஃபைப்ரோநெக்டின் என்ற பெரிய புரதத்தில் ஆர்ஜினின், கிளைசின், ஆஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தால் செல் பிடித்துக்கொள்ளும் என்று பியர்ஷ்பாக்கர், ரூஸ்லாட்டி என்ற ஆய்வாளர்கள் 1984-ல் காட்டினார்கள். அதுதான் இன்றைக்கு எல்லோரும் ஆர்ஜிடி என்று சொல்வது. பிடி கிடைத்ததும் இன்டெக்ரின்கள் கூட்டமாகச் சேர்ந்து செல்லுக்கு உள்ளேயிருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளோடு இணைந்துகொள்ளும், செல் அந்தப் பிடியை இழுத்துப் பார்த்துத் தரை கெட்டியா இளக்கமா என்று கண்டுகொள்ளும். தரையின் கெட்டித்தன்மையை மட்டும் மாற்றினாலே, பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல் நரம்புப் பக்கமோ தசைப் பக்கமோ எலும்புப் பக்கமோ திரும்புகிறது என்று 2006-ல் எங்ளர், டிஷர் என்ற ஆய்வாளர்கள் காட்டியது இந்தத் துறையையே புரட்டிப்போட்ட வேலை. ஒட்டி வாழ வேண்டிய பல செல்களுக்குப் பிடியே கிடைக்காவிட்டால் தானாகச் செத்துவிடும்.

இப்போது பாசி. ஆல்ஜினேட்டைக் கால்சியம் கரைசலில் விட்டால் உடனே ஜெல்லாக இறுகும், செல்லைக் கொல்லாமலே உள்ளே பொதிந்து வைக்கலாம். ஆனால் அதற்கு எதிர்மின்சுமை, நீரை நிறையப் பிடித்துவைக்கும், புரதம் அதில் சரியாகப் படியாது. அதனால் செல் ஒட்டாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு இதுதான் அதன் பெரிய பலமாகத் தெரிகிறது. எழுதாத பலகை அது, எவ்வளவு பிடி வேண்டுமோ அவ்வளவு ஆர்ஜிடியை நாமே கோத்துவிடலாம்; மூனி என்ற ஆய்வாளரின் குழு 1999-ல் அதைச் செய்து, தசைச் செல் முன்னோடிகளை ஆல்ஜினேட்டில் ஒட்ட வைத்தது. குருத்தெலும்புச் செல் என்றால் ஒட்டாமல் இருப்பதே நல்லது. பிளாஸ்டிக் தட்டில் ஒட்டித் தட்டையாகப் படர்ந்தால் அது தன் இயல்பை இழந்துவிடும், அதையே அகரோஸ் ஜெல்லுக்குள் உருண்டையாக வைத்தால் இயல்பு திரும்புகிறது என்று 1982-லேயே தெரிந்துவிட்டது. அகரோஸும் பாசிச் சரக்குதான், நம்ம கஞ்சிப்பாசியிலும் மரிக்கொழுந்துப் பாசியிலும் இருக்கும் அகாரின் ஒரு பகுதி. ஆல்ஜினேட்டின் உண்மையான குறை வேறு: அதன் சங்கிலியை வெட்டுகிற நொதி மனித உடம்பில் இல்லை, அதனால் உடம்பு அதைத் தானாகச் செரித்துக் கரைக்காது.

மீன் கொலாஜன் இதற்கு நேர் எதிர். இன்டெக்ரின் அடையாளம் காணும் இடங்கள் அதன் முப்புரி இழையிலேயே இயல்பாக இருக்கின்றன, செல் வந்ததும் படரும், உடம்பின் நொதிகளும் அதைக் கரைக்கும். மாடு, பன்றி கொலாஜன் வேண்டாம் என்கிறவர்கள் கீழக்கரையிலும் உண்டு ராமேஸ்வரத்திலும் உண்டு. மீன் என்றால் அவர்களில் பலருக்குத் தடையில்லை. சிக்கல் சூட்டில் இருக்கிறது. குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் 15 டிகிரியை ஒட்டியே குலைந்துவிடும். வெதுவெதுப்பான கடலில் வாழும் மீனுடையது 30 டிகிரிக்குப் பக்கம்வரை தாங்கும், அந்த வகையில் மன்னார் வளைகுடா மீனுக்கு யோகம், ஆனால் நம் உடம்பு 37 டிகிரி. அப்படியே உள்ளே வைத்தால் முப்புரி அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும், ஆகவே இழைகளை ஒன்றோடொன்று வேதியியலாகக் கோக்கும் குறுக்கிணைப்பு போட்டே தீர வேண்டும். அங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது: பரவலாகப் பயன்படும் ஈடிசி என்கிற வேதிப்பொருள் இணைப்புக்குப் பிடித்துக்கொள்ளும் கார்பாக்சில் தொகுதிகளில் சில, இன்டெக்ரின் பிடிக்க வேண்டிய அதே இடத்தில் இருப்பவை. நிறையப் போட்டால் சாரம் உறுதியாகும், செல்லுக்குப் பிடி குறையும்.

கைட்டோசான் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நேர்மின்சுமை உள்ள பொருள் என்பதால் எதிர்மின்சுமை கொண்ட செல்லை இழுக்கும், ஈரக்காலில் மணல் ஒட்டுகிற மாதிரிப் பிடிப்புதான், இன்டெக்ரினுக்கென்று அடையாளம் எதுவும் அதில் கிடையாது. ஓட்டிலிருந்து எடுக்கும்போது அதன் சங்கிலியில் உள்ள அசிட்டைல் தொகுதிகளை எவ்வளவு நீக்கினோம் என்பதைப் பொறுத்து ஒட்டுவது கூடும் குறையும். இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிக்கு அருமையான பொருள். தனியாகச் சாரமாக வைக்க நான் சொல்ல மாட்டேன், கொலாஜனோடு கலந்தால் சரி.

ஆக, தோல் புண்ணுக்கு மீன் கொலாஜன், குருத்தெலும்புக்கு ஆல்ஜினேட் அல்லது அகரோஸ். எந்த செல் என்று இன்னும் முடிவாகவில்லை, பிடியையும் கெட்டித்தன்மையையும் தனித்தனியாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஆர்ஜிடி கோத்த ஆல்ஜினேட்தான் என் தேர்வு, மற்ற இரண்டிலும் ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும்.

அப்புறம் சரக்கு சேர்க்கும்போது சில விஷயம். மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகள் உள்ள பகுதி தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்கக் கூடாது. பாசியோடு வருகிற பாலிபீனால், கன உலோகம், பாக்டீரிய நச்சு எல்லாவற்றையும் நீக்காத ஆல்ஜினேட்டில் செல் செத்தால் பழி ஒட்டுதலின் மேல் விழும். மீன்தோல் என்றால் கிளாத்தி மாதிரித் தோலுரித்து விற்கிற மீனைப் பாருங்கள், வெயிலில் குவித்துக் கிடப்பதை எடுக்காதீர்கள், உரிக்கும்போதே ஐஸில் வாங்கி 4 டிகிரியிலேயே அசிட்டிக் அமிலத்தில் ஊறப்போடுங்கள். செல்லை வாங்குவதற்கு முன்னால் அந்தக் கொலாஜன் எத்தனை டிகிரியில் குலைகிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள், குறுக்கிணைப்பு எவ்வளவு என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.