சபைக்கு எந்த வண்டி: பதினைந்து சீட் வேனா, மினி பஸ்ஸா, ஆக்டிவிட்டி பஸ்ஸா?

டெக்சாஸில் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு ஒரு வண்டி வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. ஞாயிறு காலையில் கல்லூரிப் பிள்ளைகளையும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்களையும் அழைத்து வர வேண்டும். கோடையில் வாலிபர் முகாமுக்குப் போக வேண்டும். பாதி நேரம் விலையிலும் ஏ.சி.யிலுமே போய்விட்டது. பாதுகாப்பு என்று நான் வாயெடுத்ததும் ஒரு பெரியவர், "தம்பி, நம்ம ஆட்கள் எல்லாரும் நிதானமாத்தானே ஓட்டுறாங்க" என்றார்.

உண்மைதான், நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் இந்த நாட்டில் சபை வண்டிகளுக்கு நேர்ந்த மிகப் பெரிய துயரங்களில் இரண்டில், தவறு சபை டிரைவருடையது அல்ல.

1988 மே 14 இரவு, கென்டக்கியில் காரல்டன் அருகே, ஒரு சபையின் பிள்ளைகள் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். குடிபோதையில் ஒருவர் நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் பிக்கப் ஓட்டி வந்து மோதினார். பஸ்ஸில் 67 பேர். இறந்தவர்கள் 27 பேர். மோதிய வேகத்தில் ஒருவர்கூட சாகவில்லை, தீயும் புகையும்தான் கொன்றன. பெட்ரோல் டேங்க் உடைந்தது, முன்வாசல் அடைபட்டது, பின்னால் ஒரே ஒரு அவசர வழி. பழைய பள்ளிப் பேருந்தைச் சபை வாங்கி ஓட்டிய வண்டி அது. மோதலில் டேங்குக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது உள்ளிட்ட பள்ளிப் பேருந்து விதிகள் 1977 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. அந்தப் பஸ்ஸின் சேஸி (அடிச்சட்டம்) அதற்குச் சில நாட்கள் முன்னால் தயாரானது.

இரண்டாவது எங்கள் டெக்சாஸிலேயே நடந்தது. 2017 மார்ச் 29 அன்று, நியூ பிரான்ஃபெல்ஸ் ஊர் பாப்டிஸ்ட் சபையின் மூத்தோர் ஒரு தியானக் கூடுகை முடிந்து மினி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கான்கன் அருகே, போதைப்பொருள் எடுத்திருந்த ஒருவரின் பிக்கப் கோட்டைத் தாண்டி வந்து மோதியது. பஸ்ஸில் இருந்த 14 பேரில் 13 பேர் போய்விட்டார்கள்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்தவன் தவறை எந்த வண்டி தாங்கும்?

முதலில் பதினைந்து சீட் வேன். எல்லாச் சபைகளும் முதலில் பார்ப்பது இதைத்தான். விலை குறைவு, கார் மாதிரி ஓட்டலாம், டிரைவரோடு 15 பேர் வரை என்பதால் கமர்ஷியல் லைசென்ஸ் தேவையில்லை. பழைய ஃபோர்டு ஈ-350, செவ்ரோலே எக்ஸ்பிரஸ் இரண்டும் இன்றும் விளம்பரங்களில் நிறையக் கண்ணில் படும். இவற்றில் கடைசி வரிசை பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. ஆள் நிறைய நிறைய எடை மேலேயும் பின்னாலேயும் போய்ச் சேரும். சட்டென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் வால் ஒரு பக்கம் இழுக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன் தனியாக விபத்துக்குள்ளாகும்போது உருளும் வாய்ப்பு, கொஞ்சம் பேர் இருக்கும்போது உள்ளதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2001இலேயே எச்சரித்தது. பிள்ளைகளை ஏற்றிச் செல்லப் பள்ளிகளுக்கு இந்த வேனைப் புதிதாக விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. சபைகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் ஞாயிறு பள்ளிக்கு வருவதும் அதே பிள்ளைகள்தானே.

சரி, புதிய வேன்கள் மேம்பட்டிருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். வண்டி வழுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் ஈ.எஸ்.சி. வசதி 2012 மாடலிலிருந்து இந்த எடைப் பிரிவில் கட்டாயம். 2015 மாடலில் வந்த ஃபோர்டு டிரான்சிட்டில் எல்லா சீட்டுக்கும் இடுப்பையும் தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் உண்டு, உயரமான கூரை வாங்கினால் குனியாமல் நடக்கலாம். வேன்தான் என்று முடிவானால் இதற்குக் கீழே இறங்காதீர்கள். கடைசி வரிசையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கூரைமேல் பெட்டி கட்டவே வேண்டாம்.

டயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளம்பரம் பார்த்து நான் ஒரு வேனைப் பார்க்கப் போனேன். ஓடிய தூரம் குறைவு, டயரில் பள்ளம் புதுசு போல இருந்தது. விற்றவர் அதைத்தான் பெருமையாகக் காட்டினார். டயர் எப்போது தயாரானது என்று சொல்லும் முழு எண் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். வெளிப்பக்கம் கிடைக்காததால் டார்ச்சோடு அடியில் படுத்து, உள்பக்கம் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கணக்குப் போட்டால் பதினோரு வயது. ஓரத்தில் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல் மாதிரி இருந்தது, மெல்லிய வெடிப்புகள் வேறு. சபை வண்டி வாரம் ஒருநாள்தான் ஓடும். பள்ளம் தேயாது, நிற்க நிற்க ரப்பர்தான் கெட்டுப்போகும். கோடையில் அப்படி ஒரு டயர் வெடித்தால், ஆள் நிறைந்த வேனை நேராகப் பிடிப்பது எந்த நிதானமான டிரைவருக்கும் கஷ்டம். ஸ்டெப்னி டயரின் வயதையும் பாருங்கள்.

அடுத்தது மினி பஸ். ஃபோர்டு ஈ-350 அல்லது ஈ-450 முன்பகுதியின் மேல் வேறொரு கம்பெனி கூண்டு கட்டித் தருவது. ஹோட்டல், விமான நிலைய வண்டிகள் பெரும்பாலும் இவைதான். கமிட்டியில் எல்லோருக்கும் பிடித்ததும் இதுதான்: அகலமான கதவு, மெத்தை சீட், பெட்டி வைக்கப் பின்னால் இடம், பின்பக்கம் இரட்டைச் சக்கரம். ஓடும்போது வேனைவிட நிலையானது.

ஆனால் பார்வைக்குப் பஸ் போலிருப்பதால் பஸ்ஸின் பலம் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். 10,000 பவுண்டுக்கு மேல், 26,000 பவுண்டு வரை எடை (ஆளும் சுமையும் சேர்த்து நிர்ணயித்த மொத்த எடை) உள்ள பஸ்கள் விதிகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் விழுகின்றன. அதற்குக் கீழே வேனுக்கு உள்ள மூன்று முனை பெல்ட் விதியும் ஈ.எஸ்.சி. விதியும் இவற்றைத் தொடவில்லை; அதற்கு மேலே பெரிய பஸ்களுக்கு வந்த விதிகளும் தொடவில்லை. உருண்டால் கூரை எவ்வளவு தாங்க வேண்டும் என்று பள்ளிப் பேருந்துக்கு உள்ள விதியும் கிடையாது. கான்கனில் நொறுங்கியது இந்த வகை வண்டிதான், 2004 மாடல். பின்னால் பயணிகள் சீட்டில் இருந்தது இடுப்பு பெல்ட் மட்டும். இந்த வகையை வாங்குவதானால் மூன்று முனை பெல்ட் உள்ளதை மட்டும் பாருங்கள். கூண்டின் இணைப்புகள் எப்படிச் செய்யப்பட்டவை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, நான் கை தூக்குவது: ஆக்டிவிட்டி பஸ். பள்ளிப் பேருந்தேதான், ஆனால் மஞ்சள் நிறம், மின்னும் விளக்கு, பக்கத்தில் நீளும் ஸ்டாப் பலகை இவை இல்லாமல் வரும். 2003இல் இதற்கென்று தனிப் பிரிவே உண்டாக்கினார்கள். கூரை, தகடுகளின் இணைப்பு, டேங்கின் பாதுகாப்பு, உயரமான திண்டு வைத்த சீட், எல்லாம் பள்ளிப் பேருந்து விதிப்படி. காரல்டனில் இல்லாதது இதில் இருக்கிறது. டிரைவரோடு 15 பேருக்கான அளவில் வாங்கினால் சாதாரண லைசென்ஸ் போதும். 10,000 பவுண்டுக்கு மேற்பட்டதில் பெல்ட் தானாக வராது. ஆர்டரிலேயே மூன்று முனை பெல்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதே எடைக்கு மேல் உள்ள வண்டியில் மாநில எல்லை தாண்டுவதாக இருந்தால், மத்தியப் போக்குவரத்துத் துறை எண்ணும் எடுக்க வேண்டும். மினி பஸ்ஸுக்கும் இது பொருந்தும்.

குறைகள்? சீட் கெட்டி, சத்தம் அதிகம், பெட்டி வைக்க இடம் குறைவு. நான்கு மணி நேரப் பயணத்தில் முதுகு வலிக்கும். எங்கள் பெண்கள் சங்கத்து அக்கா ஒருவர் ஒரு வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "படி தாழ்வுதான், ஆனா சேலை கொசுவத்தை ஒரு கையில பிடிச்சா இன்னொரு கைக்குப் பிடிமானம் வேணும்ல" என்றார். இரண்டு பக்கமும் கைப்பிடி கேட்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம்.

பழைய மஞ்சள் பேருந்து ஏலத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் சொன்னார். அது பெரியது, கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும், எங்களிடம் அப்படி ஓட்டுபவர் இல்லை. அத்தோடு விட்டோம்.

கணக்குப் பார்த்தால், புது ஆக்டிவிட்டி பஸ்ஸுக்குக் காணிக்கை போதாது. ஆறேழு வருடம் ஓடிய ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கும்வரை ஞாயிறு காலை அவரவர் காரில் போய் ஆட்களை அழைத்து வருகிறோம். நான்கு கார், இரண்டு நடை. வண்டி வந்ததும் முதல் செலவு ஆறு புது டயர் என்று கமிட்டிக் குறிப்பேட்டில் எழுதிவிட்டோம், ஸ்டெப்னி தனி.