பாய்மரக் கயாக்கில் மின்மோட்டாரும் சோலார் பேனலும்

காற்று விழுந்துபோன மதியங்களில் துடுப்பு போட்டுக் கை ஓய்ந்த பிறகுதான் என் பாய்மரக் கயாக்கில் (பாய் கட்டிய சின்னத் துடுப்புப் படகு) 12 வோல்ட் மின்மோட்டார், 50 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, 100 வாட் சோலார் பேனல் மூன்றையும் மாட்டினேன். மோட்டார் அருமை, சத்தம் ரொம்பக் குறைவு. பேட்டரியில் சுமார் 640 வாட்-மணி இருக்கும். முழு வேகத்தில் விரட்டினால் சட்டென்று தீரும், ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரத் தேவை பாதிக்கும் வெகு கீழே இறங்கிவிடுவதால் நெடுந்தூரம் போகலாம். பேனல்தான் ஏமாற்றம். பாயின் நிழல் ஒரு ஓரத்தில் விழுந்தாலே மின்சாரம் படுத்துவிடுகிறது, அதன் செல்கள் ஒன்றின் வழியாகவே அடுத்ததன் மின்சாரம் போகும்படி தொடராக இணைந்திருப்பதுதான் காரணம். அப்புறம், ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உப்புநீரில் ஓட்டினால் கரைக்கு வந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். பாய் விரித்து ஓடும்போது மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேகம் குறைவது நன்றாகவே தெரிகிறது.