பிபிஎம் பிழையின் திசையைப் பாருங்கள்: டைம்-ஆஃப்-ஃப்ளைட் கருவியின் நீண்டகாலப் பயன்பாடு

டைம்-ஆஃப்-ஃப்ளைட் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அயனிகள் ஒரு குழாயைக் கடக்கும் நேரத்தை வைத்து அவற்றின் நிறையை அளக்கும் கருவி. அதன் கையேட்டில் 1 அல்லது 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துல்லியம் என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. காலிபரேஷன் (நிறை தெரிந்த பொருளை வைத்துக் கருவியைச் சரிசெய்வது) முடிந்த கையோடு, அளவான செறிவில், பக்கத்தில் வேறு பீக் (வரைபடத்தில் ஓர் அயனியைக் காட்டும் முகடு) இல்லாதபோது அந்த எண் வரும். தினமும் ஓடும் கருவியை 5 பிபிஎம்முக்குள் நிறுத்திவைப்பதுதான் உண்மையான வேலை. அதற்குப் பிழையின் அளவைவிட அதன் திசை அதிகம் உதவும்.

எல்லா பீக்கின் நிறையும் ஒரே விகிதத்தில் மேலே ஏறினால் முதலில் வெப்பநிலையைச் சந்தேகிக்கலாம். துருப்பிடிக்கா எஃகு 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 17 பிபிஎம் நீளும். நிறை, பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே எஃகுக் குழாயில் அந்த 1 டிகிரி 34 பிபிஎம் பிழையாகிவிடும். உயர் மின்னழுத்த மூலமும் சூடேற ஏறக் கொஞ்சம் நகரும். ஏசி காற்று நேராகக் கருவிமேல் படக்கூடாது. இரவில் ஏசியை நிறுத்தவும் கூடாது.

இந்த நகர்வை ஈடுகட்டத்தான் லாக் மாஸ், அதாவது மாதிரியோடு சேர்த்து அளக்கும், நிறை தெரிந்த ஒப்பீட்டு அயனி. லூசின் என்கெஃபாலினின் புரோட்டான் ஏறிய அயனிக்குச் சரியான மதிப்பு 556.2766. பழைய அட்டவணைகள் பலவற்றில் 556.2771 என்றிருக்கும். வேறுபாடு, கழிக்க மறந்த ஓர் எலக்ட்ரானின் நிறை: 0.00055. 556இல் அது 1 பிபிஎம்தான், காஃபீனின் 195.0877இல் 2.8 பிபிஎம். எம்/இசட் (நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண்) குறையக் குறையப் பிழை பெருகினால், மென்பொருளும் அட்டவணையும் எலக்ட்ரானை ஒரே மாதிரி கணக்கிடுகின்றனவா என்று பாருங்கள்.

உயரமான பீக்கின் நிறை மட்டும் கீழே இறங்கினால் டிடெக்டர் நிரம்பிவிட்டது. முதலில் வந்த அயனியைப் பதிந்துவிட்டு, அடுத்து வருவதைக் கருவி தவறவிடுகிறது. பீக்கின் மையம் முன்னே சாய்கிறது. ஐசோடோப்பு விகிதத்திலும் இது தெரியும்: காஃபீனில் 196இன் உயரம் 195இல் சுமார் 10 சதவீதம் இருக்க வேண்டும், 15 வந்தால் 195 வெட்டுப்பட்டிருக்கிறது. மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினால் நிறை தானாகத் திரும்பும். அதைச் செய்யாமல் மறுபடி காலிபரேட் செய்வது வீண். நன்றாக இருந்த மற்ற பீக்குகளும் கெடும்.

பிடிபடாமல் ஏமாற்றுவது ஒட்டிக்கிடக்கும் இரட்டை பீக். மூன்று கார்பனுக்கும், ஒரு கந்தகம் நான்கு ஹைட்ரஜனுக்கும் 0.0034தான் வேறுபாடு. எம்/இசட் 500இல் அதைப் பிரிக்க 1,47,000 பிரிதிறன் வேண்டும். 40,000 உள்ள கருவியில் இரண்டும் ஒன்றாகி, மையம் நடுவில் விழும். இரண்டு சூத்திரத்துக்கும் பிழை 3 பிபிஎம் சொச்சமே காட்டும்! பீக்கின் வடிவத்தை ப்ரொஃபைல் தரவில் (மையம் மட்டுமின்றி முழு வடிவமும் பதிவான தரவு) பார்க்காமல் சூத்திரம் எழுதாதீர்கள்.

அயனிகளைப் பொறியில் சுற்றவிட்டு, அவற்றின் அதிர்வெண்ணிலிருந்து நிறையை அளக்கும் ஆர்பிட்ராப் இதில் கைகொடுக்கும். ஆனால் அங்கும் எம்/இசட் நான்கு மடங்கானால் பிரிதிறன் பாதியாகும்: 400இல் 60,000 என்றால் 1600இல் 30,000. பொறியில் அயனிகள் அளவுக்கு மீறிக் குவிந்தால் அதிர்வெண் நகரும், அடுத்தடுத்த பீக்குகள் ஒன்றாகவும் கூடும்.

காலிபரேஷனுக்குச் சோடியம் ஃபார்மேட் வசதியானது, 67.9874 இடைவெளியில் வரிசையாகப் பீக் தரும். தேவையான எம்/இசட் எல்லையின் இரு முனைகளுக்கும் வெளியே பீக் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் ஸ்ப்ரே ஊசியையும் முகப்புக் கூம்பையும் நீரும் மெத்தனாலும் கலந்து கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதிரிகளில் புரோட்டான் ஏறிய அயனி குறைந்து, 22 கூடிய சோடியம் பீக்கே மேலோங்கும்.